ஓடும், வரும், வரை

கார் நிறுவனங்கள் அடுத்த தலைமுறை பேட்டரி பற்றி வெளியிடும் அறிவிப்புகளைக் கொஞ்ச நாளாக ஓர் எழுத்து வகைமையாகவே படித்துவருகிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சிறுகதைக்கு இருப்பதுபோல அதற்கும் ஒரு கட்டமைப்பு இருக்கிறது. முதலில் ஒரு பெரிய எண்: ஆயிரம் கிலோமீட்டர், பத்து நிமிட சார்ஜ். அடுத்து ஓர் ஆண்டு. அது எட்டிவிடும் தூரத்தில் இருக்கும், ஆனால் இந்த ஆண்டாக இருக்காது. பிறகு மேடை, விளக்கு, உயர்த்திப் பிடித்த கையில் பளபளக்கும் ஒரு செல். கடைசியில் பொடி எழுத்தில் பொறுப்புத் துறப்பு.

இந்த வகைமையை விமர்சனமாகப் படிக்க வேதியியல் பட்டம் வேண்டாம். நமக்குப் பழக்கமான மூன்று தமிழ்ச் சொற்களைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்: ‘வரும்’, ‘முதல்’, ‘வரை’. வேதியியலில் தப்பு செய்துவிட்டு மொழியில் அதை மூடுவதற்கு இந்த மூன்றும்தான் கைகொடுக்கின்றன. மூடுவது யாருக்கு நஷ்டம் என்பதுதான் கேள்வி.

*

வரும்

தமிழில் ‘-உம்’ விகுதி ஒரு விசித்திரமான சங்கதி. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்றால் அது தினசரி உண்மை. ‘நாளைக்கு மழை வரும்’ என்றால் அது ஊகம். ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொது என்று பள்ளியில் படித்திருப்போம். ‘இந்த பேட்டரி ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்’ என்ற வாக்கியத்தில் இருப்பது சூரியனா, மழையா? படிக்கிறவர் சூரியன் என்று எடுத்துக்கொள்கிறார். எழுதியவர் பின்னால் கேட்டால் ‘மழையைத்தானே சொன்னேன்’ என்பார்.

டொயோட்டாவை எடுத்துக்கொள்வோம். திடநிலை பேட்டரியை 2020களின் தொடக்கத்தில் கொண்டுவருவோம் என்று 2017-இல் சொன்னார்கள். 2021-இல், முதலில் ஹைப்ரிட் வண்டிகளில் வைப்போம், இந்தப் பத்தாண்டின் நடுவில் வரும் என்றார்கள். 2023-இல் அது 2027-28 ஆனது. 2017-இல் நின்று பார்த்தபோதும் நான்கைந்து வருட தூரம், 2023-இல் நின்று பார்த்தபோதும் நான்கைந்து வருட தூரம். திருவான்மியூர் கடற்கரையில் தொடுவானத்தைப் பார்த்து நடப்பதைப் போல. அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இடெமிட்சு என்ற எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து, இதற்குத் தேவைப்படும் சல்பைடு பொருளைப் பெருமளவில் தயாரிக்க 2023 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வேலை நடக்கிறது. ஆனால் வேலை நடக்கிற வேகமும் அறிவிப்பு நடக்கிற வேகமும் வேறு வேறு.

ஃபிஸ்கர் கதை இன்னும் சுருக்கமானது. ஒரு நிமிட சார்ஜ், 500 மைல் ஓட்டம் என்று 2017-இல் திடநிலை பேட்டரியைப் பற்றிப் பேசினார்கள். 2021-இல் அந்த முயற்சியைக் கைவிட்டதாக நிறுவனரே சொன்னார். 2024-இல் கம்பெனியே திவால். டெஸ்லா 2020 செப்டம்பரில் ‘பேட்டரி தினம்’ கொண்டாடி, 4680 என்ற புதிய செல்லையும் அதைச் சுற்றிய மாற்றங்களையும் காட்டியது. தூரம் 54 சதவீதம் கூடும், யூனிட் விலை 56 சதவீதம் குறையும், மூன்றே வருடத்தில் 25,000 டாலர் கார் வரும் என்றது. செல் வந்தது, வண்டியிலும் ஏறியது. ஆனால் அந்த 25,000 டாலர் கார் வரவில்லை. 2024-இல் எலான் மஸ்க்கே அப்படியொரு சாதாரண கார் செய்வதில் அர்த்தமில்லை என்று முடித்துவிட்டார்.

ஏன் இப்படித் தள்ளிப்போகிறது? இன்றைய லித்தியம் பேட்டரியில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கிறது. அயனிகள் அதில் நீந்தி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகின்றன. திரவம் தீப்பிடிக்கும். அதற்குப் பதிலாக ஒரு திடப்பொருளை வைத்தால் ஆபத்து குறையும், லித்தியம் உலோகத்தையே ஒரு முனையாக வைக்கலாம், அதே எடையில் அதிக மின்சாரம் தேக்கலாம். இது உண்மை, ஆய்வகத்தில் நடந்தும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் திரவம் எல்லா இடுக்கிலும் புகுந்து ஒட்டிக்கொள்ளும், திடம் ஒட்டாது. சார்ஜ் ஏறி இறங்கும்போது முனைகள் உப்பிச் சுருங்கும், நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளிகளிலும் விரிசல்களிலும் லித்தியம் ஊசிபோல வளர்ந்து மறுபக்கம் துளைக்கும். சல்பைடு வகையில் ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு வரும். அதனால் தொழிற்சாலை முழுக்கக் காய்ந்த காற்று வேண்டும்.

இவை ஒரு செல்லில் சமாளிக்கக்கூடிய விஷயங்கள். கோடி செல்லில் சமாளிப்பது வேறு. வீட்டில் நாலு பேருக்கு அருமையாக இட்லி ஊற்றுகிறவரை மார்கழியில் மயிலாப்பூர் சபா கேன்டீனில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். அதே மாவு, அதே கை. ஆனால் நூறில் ஒன்று வேகாமல் போனாலும் அங்கே தெரிந்துவிடும். ஒரு காரில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கலாம். அதில் ஒன்று மோசமானாலும் முழு பேட்டரிக்கும் ஆபத்து. ஆய்வக முடிவு, மாதிரி வண்டி, பெருமளவு உற்பத்தி, கட்டுப்படியாகும் விலை என்று நான்கு படிகள் இருக்கின்றன. அறிவிப்பு இந்த நான்கையும் ஒரே ‘வரும்’ என்ற வினைமுற்றில் அடைத்துவிடுகிறது.

*

சிறைப்புறம்

சரி, இது தெரியாமலா மேடையில் பேசுகிறார்கள்? தெரியும். அப்புறம் ஏன் பேசுகிறார்கள் என்பதற்குச் சங்க அகப்பாடல்களின் ஒரு மரபு எனக்கு உதவியது. வேலிக்கு அந்தப்புறம் தலைவன் நிற்பான். தோழி தலைவியைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசுவாள். ஆனால் கேட்கவேண்டியவன் வேலிக்கு அப்பால் நிற்பவன்தான். இதைச் சிறைப்புறம் என்பார்கள்.

பேட்டரி அறிவிப்பு அச்சு அசல் சிறைப்புறக் கூற்று. வண்டி வாங்கப்போகிற உங்களையும் என்னையும் பார்த்துப் பேசுகிறது. வேலிக்கு அப்பால் நின்று கேட்பவர் முதலீட்டாளர். சில சமயம் அரசு.

நம் மாநிலத்துக் கதையையே பார்ப்போம். 2021 மே மாதம் மத்திய அரசு பேட்டரி செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. இலக்கு 50 கிகாவாட் மணி. 2022 மார்ச்சில் தேர்வானவர்களில் ஓலா எலெக்ட்ரிக்கும் ஒன்று. அதன் பங்கு 20 கிகாவாட் மணி. அந்த ஜூலையில் 2170 என்ற அளவில் ஒரு செல்லைக் காட்டி, 2023-க்குள் பெருமளவு உற்பத்தி என்றார்கள். ஆகஸ்ட் 15-இல், ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கார் 2024-இல் வரும் என்றார்கள். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசோடு 7,614 கோடிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம்.

நடந்தது என்ன? கார் திட்டத்தை 2024-இல் ஒதுக்கி வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 76 ரூபாய். திரட்டிய பணத்தில் ஒரு பகுதி செல் தொழிற்சாலைக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஆறு நாள் கழித்து, சுதந்திர தினத்தில், மேடையில் ஒரு செல். இப்போது அது 2170 இல்லை, 4680. அந்த செல் வைத்த ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது 2025-இன் கடைசி மாதங்களில். 2025-இல் பங்கு பெரும்பாலும் 76 ரூபாய்க்குக் கீழேதான் கிடந்தது.

இங்கே நியாயமாக இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செல் செய்து, அதை வண்டியில் ஏற்றி, ரோட்டில் விட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அது சின்ன விஷயம் கிடையாது. செல் செய்வது கஷ்டம், இரண்டு வருடத் தாமதம் அந்தத் தொழிலில் அதிசயமும் இல்லை. என் புகார் தாமதத்தின் மீது இல்லை. தாமதமாகும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, தாமதமே ஆகாது என்ற குரலில் சொல்வதன் மீது. வேலிக்கு அப்பால் இருப்பவர் ஏமாந்தால் அவருக்குக் கணக்குப் பார்க்க ஆள் இருக்கிறது. வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டுவிட்டு நம்பியவருக்கு யார் இருக்கிறார்கள்?

*

முதல்

இந்த வகைமையின் இன்னொரு செல்லச் சொல் ‘முதல்’. 2022-இல் ஓலா காட்டியது இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் லித்தியம் அயன் செல் என்று அறிவிக்கப்பட்டது. நான்கு வருடம் பின்னால் போங்கள். 2018 ஜூனில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், தன் தொழில்நுட்பத்தை ராசி சோலார் என்ற நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. அரசு அறிவிப்பில் அது ‘இந்தியாவின் முதல் லித்தியம் அயன் பேட்டரி திட்டம்’. தொழிற்சாலை எங்கே வரும் என்று சொன்னார்கள்? கிருஷ்ணகிரி மாவட்டத்தில்.

ஒரே மாவட்டம், நான்கு வருட இடைவெளி, இரண்டு ‘முதல்’. ஒவ்வொரு அறிவிப்பும் தனக்கு முன்னால் எதுவுமே நடக்காததுபோலப் பேசினால்தான் ‘முதல்’ சாத்தியம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. அதன் சென்னைப் பிரிவு தரமணியில், அடையாறிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கிறது. மாதிரி லித்தியம் செல்களைச் செய்து பார்க்கும் வசதி அங்கேதான் அமைந்தது. அந்தப் பக்கம் தினமும் ஐடி வேலைக்குப் போய்வரும் எத்தனை பேருக்கு இது தெரியும்? மேடையும் விளக்கும் இல்லாத உழைப்புக்கு நம் நினைவில் இடம் கிடைப்பதில்லை. அதுவும் இந்த மொழி செய்யும் சேதங்களில் ஒன்று.

*

வரை

தி.நகரில் வளர்ந்தவர்களுக்கு ‘வரை’யை விளக்க வேண்டாம். ஆடி மாதம் பனகல் பூங்காவைச் சுற்றி ‘50% வரை தள்ளுபடி’ என்று தொங்கும். ‘50%’ ஓர் ஆள் உயரம், ‘வரை’ எறும்பு அளவு. உள்ளே போனால் ஐம்பது சதவீதம் ஒரு மூலையில் கிடக்கும் நாலு சட்டைக்கு மட்டும். நாமும் சிரித்துக்கொண்டே பத்து சதவீதத்துக்கு வாங்கிவிட்டு வருவோம். ஏனென்றால் அங்கே சட்டையைத் தொட்டுப் பார்க்க முடியும்.

பேட்டரியை அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. ‘ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் வரை’ என்ற எண் சோதனைக்கூடத்தில், உருளைமேல் வண்டியை ஓட்டி, நிர்ணயித்த வேக அட்டவணைப்படி எடுத்தது. சித்திரை வெயிலில் ஏசி போட்டு, தேனாம்பேட்டை சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அது பொருந்தாது. 2020-இல் வந்த டாடா நெக்சான் மின்காருக்கு அங்கீகரிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். அவ்வளவு ஓடவில்லை என்ற புகாரை வைத்து டெல்லி அரசு 2021 மார்ச்சில் அந்தக் காருக்கான மானியத்தையே நிறுத்தி வைத்தது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. இன்று டாடாவே சான்றிதழ் எண்ணோடு, சாலையில் எதிர்பார்க்கக்கூடிய குறைந்த எண்ணையும் சேர்த்துச் சொல்கிறது. சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-இல் தொடங்கிய ஏதர், தன் ஸ்கூட்டர்களுக்கு ‘ட்ரூ ரேஞ்ச்’ என்று தனியாக ஓர் எண் கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒன்றுக்கு ‘உண்மையான தூரம்’ என்று பெயர் வைத்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னோர் எண்ணுக்கு என்ன பெயர்?

இன்றைய பேட்டரிக்கே இந்த இடைவெளி இருக்கும்போது, இன்னும் பிறக்காத பேட்டரியின் ஆயிரம் கிலோமீட்டரை எந்தச் சாலையில் அளந்தார்கள் என்று கேட்பது தப்பில்லை.

அந்தப் பத்து நிமிட சார்ஜையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் 143 யூனிட் வேண்டும். பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற்ற 100 யூனிட். பத்து நிமிடத்தில் 100 யூனிட் என்றால் 600 கிலோவாட். ஐந்து கிலோவாட் இணைப்புள்ள 120 வீடுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் இழுக்கும் மின்சாரம், ஒரே ஒரு காருக்கு. மயிலாப்பூரில் நாற்பது வருடப் பழைய அடுக்ககத்தில், கீழே பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் போடுவதற்கே சங்கத்தின் மூன்று கூட்டம் ஆகிறது. நம்முடைய பிரச்சினை பேட்டரிக்குள் இல்லை, சுவரில் இருக்கிறது. பிளக் பாயிண்டைக் கையில் உயர்த்திப் பிடித்து யாரும் மேடையில் நிற்பதில்லை.

*

காத்திருப்பவரின் கணக்கு

மந்தைவெளியில் இருக்கும் என் சித்தப்பா 2021-இலிருந்து கார் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு வருகிறார்.

“இப்ப வாங்கினா ஏமாந்துருவோம்டா. சாலிட் ஸ்டேட் வந்துரட்டும்.”

“எப்ப வருமாம் சித்தப்பா?”

“அடுத்த வருஷத்துக்குள்ள வந்துரும்னு போட்டிருக்கான்.”

அவர் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார். பழைய கார், சிட்டிக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு. பெட்ரோல் நூறு ரூபாயைச் சுற்றி. மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். மின்காராக இருந்தால், யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் ஆயிரத்து ஐநூறுக்குள் முடியும். நான்கு வருடத்தில் வித்தியாசம் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. மின்காருக்கு விலை கூடுதல் என்பது உண்மைதான். அந்தக் கூடுதலில் பெரும்பகுதியை அவர் காத்திருந்தே எரித்துவிட்டார். ஒரு பொய்யை நம்பியதால் வந்த நஷ்டம் என்று இதைச் சொல்ல முடியாது. தேதி போடாத ஓர் உண்மையை, தேதி போட்ட உண்மையாக நம்பியதால் வந்தது.

பணம் போனால் போகட்டும். எதிர்காலத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது நிகழ்காலத்து செல் தெரியாமல் போகிறது. ஊக்கத்தொகைக்குத் தேர்வான கம்பெனிகளின் பெயர் வெளியான அதே 2022 மார்ச்சில், வேலூரில் வீட்டில் சார்ஜுக்குப் போட்டிருந்த புது மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதற்கப்புறம்தான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக அமல்படுத்தினார்கள். தீ பரவாமல் தடுப்பது, செல்லின் தரத்தைச் சோதிப்பது, வெப்பத்தைக் கண்காணிப்பது எல்லாம் அடுத்த தலைமுறை சமாச்சாரமே இல்லை. நம் வீட்டு ஹாலில் நிற்கும் தலைமுறைக்கு வேண்டியவை.

*

சொல்லாமல் வந்தது

இவ்வளவு சந்தேகத்துக்கும் நடுவில் ஒன்றை மறைக்கக் கூடாது. பேட்டரியில் புரட்சி நடந்தேவிட்டது. 2010-இல் ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விலை. 2024-இல் 115 டாலர். மேடையில் காட்டிய எந்த அதிசயப் பொருளும் இதைச் சாதிக்கவில்லை. பெரும்பங்கு வகித்தவற்றில் ஒன்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற, இரும்பையும் பாஸ்பேட்டையும் வைத்துச் செய்யும், கவர்ச்சியே இல்லாத வேதியியல். எடைக்கு எடை மின்சாரம் கொஞ்சம் குறைவு. ஆனால் மலிவு, எளிதில் தீப்பிடிக்காது, சூட்டையும் ஓரளவு தாங்கும். சென்னைக்கு இதைவிடப் பொருத்தம் எது?

அதன் வரலாற்றில் நம் ஊர் ஆள் இருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கிய அருமுகம் மந்திரம், ஜான் குடினஃபோடு சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் இந்த வகைச் சேர்மங்களுக்கான அடித்தள ஆய்வைச் செய்தார். 1997-இல் குடினஃபின் குழுவில் இருந்த பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகியோரின் பெயர்களோடு இரும்பு பாஸ்பேட் கட்டுரை வெளியானது. 2019-இல் குடினஃபுக்கு நோபல் கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் மந்திரம். உலகில் விற்கும் மின்கார்களில் ஏறக்குறைய பாதியில் இன்று இந்த வேதியியல் ஓடுகிறது. ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு வர இருபத்தைந்து வருடத்துக்கு மேல். எந்த மேடைப் பேச்சாளராவது ‘இருபத்தைந்து வருடத்தில் வரும்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பிஒய்டி 2020 மார்ச்சில் ‘பிளேடு’ பேட்டரியை அறிமுகப்படுத்தியது. இதே இரும்பு பாஸ்பேட்தான், செல்லின் வடிவத்தை மட்டும் நீளத் தகடாக மாற்றியிருந்தார்கள். அதே ஆண்டு அது காரில் ஏறி விற்பனைக்கும் வந்துவிட்டது. செய்து முடித்ததை அறிவித்தார்கள். பழைய பொருளைப் பொறுமையாகத் திருத்தியவர்களிடம் ‘வரும்’ என்ற சொல்லுக்கு அதிகம் வேலை இருக்கவில்லை.

*

இப்படிப் பேசினால் சிலர் உடனே ‘எல்லாம் மூலிகை பெட்ரோல் கேஸ்தான்’ என்று முடித்துவிடுவார்கள். 1996-இல் ராமர் பிள்ளை பச்சிலையைக் கொதிக்க வைத்து பெட்ரோல் எடுத்துக் காட்டியதை நம் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. இருபது வருடம் கழித்து, 2016-இல், சென்னை நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் இந்த ஒப்பீடு சோம்பேறித்தனமானது. அங்கே அறிவியல் இல்லை. இங்கே இருக்கிறது, தேதிதான் இல்லை. எல்லாவற்றையும் நம்புகிறவரும் எதையும் நம்பாதவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: வாக்கியத்தைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். இந்த நிறுவனங்கள் எதிர்காலத்தைப் பற்றி இரண்டு வகை ஆவணம் எழுதுகின்றன. ஒன்று நாம் பார்த்த அறிவிப்பு. இன்னொன்று வாரண்டி அட்டை. இந்தியாவில் விற்கும் பல மின்கார்களின் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று அதில் போட்டிருக்கும். அதுவும் எதிர்காலம்தான், அதிலும் ‘-உம்’ உண்டு. ஆனால் அந்த வாக்கியம் பொய்த்தால் செலவு எழுதியவருடையது. அதனாலேயே அதில் பெயரடைகள் கிடையாது, இசை கிடையாது, யாரும் கைதட்டுவதில்லை. எந்த வெப்பத்தில், எத்தனை சதவீதம் திறன் குறைந்தால், தண்ணீர் புகுந்தால் யார் பொறுப்பு என்று ஒவ்வொரு நிபந்தனையையும் எண்ணி எண்ணி எழுதியிருப்பார்கள். டிசம்பர் மழையில் பார்க்கிங் முழுகும் ஊரில் அந்தக் கடைசி நிபந்தனையை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

திடநிலை பேட்டரி ஒருநாள் ஷோரூமுக்கு வரலாம். வந்தால் சந்தோஷம். அன்றைக்கு விற்பனையாளர் தூரத்தையும் நிமிடத்தையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ‘அந்த வாரண்டி பேப்பரைக் கொஞ்சம் காட்டுங்க சார்’ என்று கேளுங்கள். எட்டு வருடம் என்று அதிலும் போட்டிருந்தால், அது ஓடும்.